இருப்பில் குறைந்த மூன்று மூட்டை

வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் கடைக்கோடி டிவிஷனில் பதினேழு வருடம் ரேஷன் கடை விற்பனையாளராக இருந்தேன். யானையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சி செய்கிறவர்கள், வனத்துறைக்காரர்கள், இல்லாவிட்டால் கேமராவோடு வருகிறவர்கள். ரேஷன் கடைக்காரன் எழுதி நான் படித்ததில்லை. ஆனால் எங்கள் மலையில் யானை இடித்த கட்டடங்களைக் கணக்கெடுத்தால் ரேஷன் கடையும் சத்துணவுக் கூடமும்தான் முன்வரிசையில் நிற்கும், அதனால் எனக்கும் பேச கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2006 கார்த்திகை மாதம். விடிகாலை நாலரை இருக்கும், எஸ்டேட் வாட்ச்மேன் என் லைன் வீட்டு (தொழிலாளர்களுக்கு எஸ்டேட் வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடு) கதவைத் தட்டி, "தம்பி, உன் கடையில ஆனை கை வச்சிருச்சு, எந்திரி" என்றார். வெளிச்சம் வரட்டும் என்று காத்திருந்து போய்ப் பார்த்தால் ஜன்னல் கம்பியைப் பிடுங்கி, அதோடு சுவரையும் சேர்த்து இழுத்து, ஓர் ஆள் குனியாமல் நுழையும் அளவுக்கு ஓட்டை. மூன்று மூட்டை அரிசி வெளியே கிடந்தது. தின்றது கொஞ்சம்தான், மீதி எல்லாம் சேற்றில் மிதிபட்டு லத்தியோடு (யானைச் சாணம்) கலந்து கிடந்தது. உப்பு மூட்டை ஒன்று இருபதடி தள்ளித் தேயிலைச் செடிக்கு நடுவில் கிழிந்திருந்தது.

உள்ளதைச் சொன்னால், அப்போது எனக்கு வந்தது யானைப் பயம் இல்லை, இருப்புப் பதிவேட்டுப் பயம். 150 கிலோ குறைகிறது, நாளைக்கு ஆய்வுக்கு யாராவது வந்தால் என்ன சொல்வது? யானை தின்றது என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. போட்டோ கொண்டு வா, எஸ்டேட் ஆபீஸ் கடிதம் கொண்டு வா, வனத்துறைச் சான்று கொண்டு வா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு டவுனுக்கு அலைந்தேன். முடிவில் பாதித் தொகையை என் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த மாதம் என் கடையில் அரிசி வாங்க முடியாமல் போன பதினைந்து கார்டுக்காரர்களுக்கும் ஈடு எதுவும் கிடையாது, அவர்கள் மளிகைக் கடையில் கடனுக்கு வாங்கினார்கள். யானைச் சேதம் என்று சர்க்காரில் பதிவாகிறது ஒரு சுவர், ஒரு ஜன்னல். இந்தப் பதினைந்து வீட்டுக் கடன் எந்தக் கணக்கிலும் வராது.

இன்னொன்றும் போகப்போக உறைத்தது. 2006-இல் ரேஷன் அரிசி கிலோ 2 ரூபாய் ஆனது, 2008-இல் 1 ரூபாய், 2011-இலிருந்து விலையில்லாமலே கொடுத்தார்கள். கொழுந்து பறிக்கிற குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். ஆனால் விலை குறையக் குறைய எல்லாக் கார்டுக்கும் முழு அரிசி போனது, அதற்குத் தகுந்தபடி மாதம் பிறந்தால் கடையில் மூட்டை கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். காட்டோரத்தில், தகர ஷீட் போட்ட ஓர் அறையில், ஒரு மாத அரிசியை மொத்தமாக வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறோம். யானைக்கு மூக்கு எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று நமக்குத் தெரியாதா என்ன?

வால்பாறையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. மேலே ஏறிவிட்டால் ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டருக்குத் தேயிலையும் கொஞ்சம் காப்பியும், நடுநடுவே வெட்டாமல் தப்பித்த சோலைத் துண்டுகள், சுற்றி நாலா பக்கமும் காடு. இந்தப் பக்கம் ஆனைமலை புலிகள் காப்பகம், அந்தப் பக்கம் கேரளாவின் பரம்பிக்குளமும் வாழச்சாலும். 1890-களில் வெள்ளைக்காரன் காட்டை வெட்டித் தோட்டம் போட ஆரம்பித்தான். அதற்கு முன்னாலிருந்தே நடந்த வழியில்தான் யானை இன்றைக்கும் நடக்கிறது. யானை ஊருக்குள் வந்ததா, ஊர் யானைக்குள் போனதா என்கிற பட்டிமன்றத்தை எல்லோரும் நடத்திச் சலித்துவிட்டார்கள், நான் அதில் இறங்கவில்லை. அதை முடிவு செய்துவிட்டாலும் காலையில் ஏழரைக்குப் பேர் கொடுத்துக் காட்டுக்குள் இறங்க வேண்டிய கொழுந்துக்காரி (இங்கே வருகைப் பதிவுக்குப் 'பேர்' என்றும் தேயிலைக்கும் 'காடு' என்றும்தான் பெயர்) இறங்கித்தான் ஆக வேண்டும்.

அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் விரட்டுவது. வெடி, தீப்பந்தம், தகர டப்பா, ஜீப் ஹாரன், முப்பது நாற்பது பையன்கள். நானும் போயிருக்கிறேன், சும்மா சொல்லக்கூடாது, அதில் ஒரு திருவிழாச் சுகம் இருக்கும். ஆனால் விரட்டின கூட்டம் காட்டுக்குப் போகாது. இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி பக்கத்து டிவிஷன் லைனுக்குப் பின்னால் போய் நிற்கும், குட்டியைத் தவறவிட்ட தாய் ராத்திரி முழுக்க ரோட்டிலேயே சுற்றும். ஒன்றும் தெரியாமல் கடைசி பஸ்ஸில் வந்து இறங்குகிற ஆள் அதன் முன்னால் போய் நிற்பான். எங்கள் டிவிஷனில் போன ஓர் உயிர் அப்படிப் போனதுதான். கவாத்து வேலைக்கு (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) போகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போய்விட்டுப் பையோடு வந்தவர், மூடுபனி. அன்று சாயங்காலம் அந்தக் கூட்டத்தை மேலே இருந்து கீழே தள்ளிவிட்டது நாங்கள். யாரும் இதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அதே காலகட்டத்தில்தான் மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆட்கள் எங்கள் பக்கம் யானைக் கூட்டங்களைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்கள். கடைக்கு வந்து, என்ன தேதி, எத்தனை மணி, எந்தப் பக்கச் சுவர், எது எது தின்றது என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். "ஆனைக்கு ஆள் வந்துருக்கு, நமக்கு எவன் வருவான்" என்று டீக்கடையில் எல்லோரும் கேட்ட கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். காட்டு விலங்கைக் காப்பாற்ற வருகிறவன் நம்மைக் கிளப்பத்தான் வருகிறான் என்பது எஸ்டேட்டில் ஊறிப்போன சந்தேகம், அதில் முழுத் தப்பும் சொல்ல முடியாது.

என் மனசு மாறியது ஒரு கணக்கைக் கேட்டபோது. அவர்கள் தொகுத்து வைத்திருந்த பட்டியலில் 1994-க்கும் 2012-க்கும் நடுவில் யானையால் செத்தவர்கள் 39 பேர். அதில் 36 பேருக்கு, அந்த இடத்தில் யானை நிற்கிறது என்பதே தெரியாது. வளைவில் திரும்பியவுடன் எதிரே, பனிக்குள் பத்தடியில், ஷார்ட்கட் படியில் இறங்கும்போது. யானை வீடு தேடி வந்து ஆளைக் கொல்கிறது என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். கணக்கு என்ன சொல்கிறது என்றால், சேதி கிடைக்காததால்தான் மனுஷன் செத்திருக்கிறான். வேலி இல்லாததோ வெடி இல்லாததோ காரணம் இல்லை. இது புரிந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதும் மாறிவிடுகிறது இல்லையா?

முதலில் லோக்கல் கேபிள் டிவியில் படத்துக்குக் கீழே எழுத்து ஓடும், இன்று சாயங்காலம் இன்ன எஸ்டேட் இன்ன நம்பர் காட்டில் யானை இருக்கிறது என்று. நல்ல யோசனைதான், ஆனால் கரன்ட் இருக்க வேண்டும், ஆள் வீட்டில் இருக்க வேண்டும். ரோட்டில் நடந்து வருகிறவனுக்கு டிவி எதற்கு? அப்புறம் 2011 வாக்கில் போனுக்குக் குறுஞ்செய்தி வர ஆரம்பித்தது. யானை நிற்கிற இடத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிற வீடுகளின் நம்பருக்குப் பொழுது சாயும் முன் சேதி வந்துவிடும், தமிழில். படிக்கத் தெரியாதவர்களுக்கு குரல் அழைப்பு. கூடவே சிவப்பு விளக்கு. பஸ் நிறுத்தம், லைனுக்குப் பிரிகிற வழி, மேட்டு வளைவு மாதிரி தூரத்திலிருந்து கண்ணில் படும் இடத்தில் கம்பம் நட்டு, அதன் உச்சியில் மினுக்கிற எல்.இ.டி. விளக்கு. உள்ளே ஒரு சிம் கார்டு. பதிந்து வைத்த சில நம்பர்களிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் போதும், எரியும். ஒரு கிலோமீட்டருக்குள் யானை இருந்தால் போட வேண்டும், போனதும் அணைக்க வேண்டும்.

இந்த விளக்கு முழுக்க ஊர்க்காரர்கள் கையில் இருக்கிற சங்கதி. வனத்துறை வந்து போட வேண்டியதில்லை, ஆராய்ச்சிக்காரர் வந்து போட வேண்டியதில்லை. இந்த வேலைக்காக அந்த ஃபவுண்டேஷனின் ஆனந்த குமார் என்பவருக்கு 2015-இல் லண்டனில், இயற்கைப் பாதுகாப்புக்காகக் கொடுக்கிற விட்லி விருது கொடுத்தார்கள். எங்கள் டீக்கடையில் அந்தச் சேதி வந்த பேப்பரை ஒரு வாரம் மடித்துச் சொருகி வைத்திருந்தார்கள், நம்ம விளக்குக்குப் பரிசு என்று.

ஆனால் ஊர் கையில் கொடுத்தால் தானாக நடந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் கம்பத்தின் கதையைச் சொல்ல வேண்டும். முதலில் போன் பதிய யாரைக் கேட்பது என்று பேச்சு வந்தபோது இயல்பாகவே பெரிய ஆட்கள் பேர்தான் வந்தது. ஒரு ஃபீல்டு ஆபீசர், யூனியன்காரர் ஒருவர், இன்னொருவர் சூப்பர்வைசர். மூன்று பேரும் நல்லவர்கள்தான். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு பங்களா கேட்டைத் தாண்டி ஆபீசரை எழுப்பி "சார் விளக்குப் போடுங்க" என்று சொல்ல எந்தத் தொழிலாளிக்கு மனசு வரும்? யூனியன்காரர் பாதி நாள் டவுனில். சூப்பர்வைசர் மாற்றலாகிப் போய்விட்டார். ஒரு மாதம் விளக்கு எரியவே இல்லை, யானை மட்டும் நாலு தடவை வந்துபோனது.

பிறகு லைனில் உட்கார்ந்து பேசி மாற்றினோம். ஒன்று டீக்கடை அண்ணன், ஏனென்றால் ஊரில் எந்தச் சேதியும் முதலில் அவர் கடைக்குத்தான் வரும். இரண்டு இரவு வாட்ச்மேன், அவர் தூங்காத ஆள். மூன்றாவதாக என்னைச் சொன்னார்கள், யானையால் கைக்காசு போனவன் மறக்க மாட்டான் என்பது அவர்கள் கணக்கு. கொஞ்ச நாள் கழித்து நாலாவதாக மேல் லைனிலிருந்து ஓர் அக்காவைச் சேர்த்தோம். அதில் ஒரு விஷயம் இருக்கிறது: பொழுது சாய்கிற நேரத்தில் விறகு பொறுக்கவும் மாட்டைத் தேடவும் போகிறவர்கள் பெண்கள், யானையை முதலில் பார்ப்பதும் அவர்கள்தான், ஆனால் அவர்கள் இந்த மூன்று ஆம்பளைகளுக்கும் போன் போட யோசித்தார்கள். அக்கா பேர் சேர்ந்த பிறகு எங்களுக்குக் கிடைத்த தகவல் இரண்டு மடங்கானது என்று சொன்னால் மிகை இல்லை. உங்கள் ஊரில் இப்படி ஒன்றை ஆரம்பிக்கிறீர்கள் என்றால் பொறுப்பை யார் மேசையில் வைப்பது என்று யோசிக்காதீர்கள், யாரிடம் ஜனங்கள் கூச்சமில்லாமல் பேசுவார்கள் என்று பாருங்கள்.

விளக்கைப் போடுவதைவிட அணைப்பதுதான் கஷ்டம். போடும்போது எல்லோருக்கும் பயம் இருக்கிறது, ஞாபகம் இருக்கிறது. காலையில் யானை ஆற்றோரச் சோலைக்குள் இறங்கிப் போன பிறகு எவனுக்கும் ஞாபகம் வராது. ஒரு முறை மூன்று நாள் தொடர்ந்து சும்மா எரிந்தது. நாலாவது நாள் நிஜமாகவே யானை வந்து நாங்கள் போட்டபோது ஒருவரும் மதிக்கவில்லை, "அது எப்பவும்தானே எரியுது" என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார் ஒருவர். அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: யார் போட்டாரோ அவரே அணைக்க வேண்டும், காலையில் ஆறரைக்குள். சின்ன விஷயம்தான், ஆனால் நம்பிக்கை போய்விட்டால் கம்பம் வெறும் இரும்பு.

சரி, இதனால் பிழைப்புக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். யானையைக் காப்பாற்றினால் ஊருக்குக் காசு வரும், சுற்றுலா வரும் என்று மேடையில் சொல்வார்கள். எங்கள் லைனுக்கு அப்படி ஒரு ரூபாயும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. ரிசார்ட்டும் ஹோம்ஸ்டேயும் வைத்தவர்கள் கையில் முதல் இருந்தவர்கள், எஸ்டேட் வீட்டில் குடியிருக்கிறவனுக்குச் சொந்தமாக ஒரு சுவர்கூடக் கிடையாது, ஓய்வு பெற்றால் அந்த வீட்டையும் காலி செய்ய வேண்டும், அவன் எங்கே ஹோம்ஸ்டே வைப்பான்? வந்தது வேறு மாதிரி, கண்ணுக்குத் தெரியாத சில்லறையாக வந்தது. அதாவது போகவிருந்தது போகாமல் நின்றது.

உதாரணத்துக்கு, முன்பெல்லாம் காலையில் ஆட்கள் காட்டுக்கு இறங்கின பிறகுதான் யானை நிற்பது தெரியும். கத்திக்கொண்டு ஓடுவார்கள், அந்தக் காடு அன்றைக்கு மூடப்படும், வேறு காட்டுக்கு ஆளைப் பிரித்து அனுப்புவதற்குள் பத்தரை ஆகிவிடும். பேர் விழும், ஆனால் கொழுந்து எடை விழாது. நிர்ணயித்த கிலோவுக்கு மேல் பறிக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கிற கூடுதல் காசு இருக்கிறதே, கொழுந்து நன்றாகத் துளிர்க்கிற மாதங்களில் குழந்தை ஸ்கூல் பீஸும் சீட்டுப் பணமும் அதிலிருந்துதான் போகும். முந்தின ராத்திரியே சேதி தெரிந்தால் சூப்பர்வைசர் விடிவதற்குள் காட்டை மாற்றிவிடுகிறார், ஆட்கள் நேராக வேறு நம்பர் காட்டுக்குப் போய்விடுகிறார்கள். யாரும் ஓடவில்லை, எடையும் போகவில்லை. யானை பேசாமல் அந்தப் பக்கம் நின்றுவிட்டுப் போகிறது. இதைப் படம் எடுக்க முடியாது, ஆனால் எங்கள் பக்கத்தில் யானை மேல் இருந்த கோபம் பாதி இதனால்தான் தணிந்தது என்று நான் நினைக்கிறேன்.

என் கடைக்கு வருகிறேன். இரண்டாவது தடவை இடித்த பிறகு பேசிப் பேசி, ஒரு மாத அரிசியை அங்கே வைப்பதையே நிறுத்தினோம். லாரி காலையில் வரும், அன்றைக்கே கொடுத்து முடித்து, மிஞ்சினதை அதே வண்டியில் டவுன் குடோனுக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம். யானைக்கு இது அருமையான ஏற்பாடு. தொழிலாளிக்கு? முதல் மாதம் புதன்கிழமை வைத்தார்கள். கொழுந்துக்குப் போனவர்கள் மதியம் பாதியில் கூடையை வைத்துவிட்டு ஓடி வந்து வரிசையில் நின்றார்கள், அரை நாள் கூலி போனது. வர முடியாதவர்களுக்கு அரிசி போனது. யானைக்குப் போன மூன்று மூட்டையைக் காப்பாற்ற எண்பது பேரின் அரை நாளைப் பிடுங்கிவிட்டோம் என்று அக்கா என் முகத்துக்கு நேரே சொன்னார், நான் பதில் பேசவில்லை. அடுத்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். என் ஒரே லீவு நாள் போனது, அது வேறு கதை. ஞாயிற்றுக்கிழமை சந்தை நாள் என்பதால் காலை பத்துக்குள் முடிக்க வேண்டும் என்று இன்னொரு சண்டை. காட்டு விலங்குக்காக ஒரு மாற்றம் செய்யும்போது அதன் செலவு யார் தலையில் போய் விழுகிறது என்று முதல் மாதமே கேட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆட்கள் திட்டத்தைத் திட்ட மாட்டார்கள், யானையைத் திட்டுவார்கள்.

அரிசி இல்லாவிட்டாலும் யானை உடனே விட்டுவிடவில்லை. காலிச் சாக்கை ஒரு மூலையில் கட்டி வைத்திருந்தேன், அந்த வாசனைக்கே ஒரு தடவை கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறது. அப்புறம் காலிச் சாக்கையும் லாரியிலேயே அனுப்பினேன், தரையில் சிந்தினதைப் பெருக்கித் தண்ணீர் விட்டுக் கழுவினேன். வீடுகளிலும் இதேதான். பின்பக்கச் சுவரை ஒட்டி அடுக்களையும் அரிசி டிரம்மும் உப்பு டப்பாவும் இருக்கிற வீட்டைத்தான் தொடும். மூட்டையை நடு அறைக்கு மாற்றச் சொன்னோம், வாழையையும் பலாவையும் வீட்டுச் சுவரோடு சேர்த்து வளர்க்காதீர்கள் என்று சொன்னோம். பலா விஷயத்தில் யாரும் கேட்கவில்லை. காய் முற்றுவதற்கு முன்னாலேயே பறித்துக் குழம்பு வைப்பது என்கிற சமரசத்துக்கு மட்டும் வந்தார்கள்.

வெடி போடுவதை நிறுத்தினது எப்போது என்று தேதி சொல்ல முடியாது. ஒரு நாள் பையன்கள் கிளம்பினார்கள், வாட்ச்மேன், "விட்றா, அது எட்டு மணிக்கு மேட்டுப் பக்கம் ஏறிரும், நேத்தும் அப்படித்தானே போச்சு" என்றார். அவ்வளவுதான். எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்த யானையிடம் பயம் குறைகிறது. கூட்டத்தில் எந்தப் பெண் யானைக்குக் காது கிழிந்திருக்கிறது, எதற்குக் குட்டி இருக்கிறது என்றுகூட லைன் பிள்ளைகள் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒற்றைக் கொம்பன் வந்தால் மட்டும் இன்றைக்கும் ஒருவரும் வாய் திறப்பதில்லை, கதவைச் சாத்திக்கொள்வதோடு சரி.

சாவு குறைந்தது. ஓர் உயிரும் போகாத வருடங்களும் வந்தன. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், நிற்கவில்லை. அதற்குப் புதிதாக இரண்டு காரணங்களை நான் பார்த்தேன். ஒன்று, எங்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள், லைனில் இப்போது பாதி வீட்டில் ஜார்க்கண்டும் அசாமும் ஒடிசாவும். அவர்களுக்குத் தமிழில் வருகிற சேதி கொசு கடித்த மாதிரிகூட இல்லை. யானை எப்படி நடக்கும், சிறுத்தை எந்த நேரத்தில் லைனுக்குப் பக்கத்தில் வரும், பிள்ளையை வாசலில் தனியாக விடக் கூடாது என்பதெல்லாம் எங்களுக்கு மூன்று தலைமுறையாகப் பாட்டி சொல்லி வந்தது. அவர்களுக்கு யார் சொல்வது? நாங்கள் செய்தது, இந்தி தெரிந்த ஒரு பையனைப் பிடித்து அவன் குரலில் பதிந்து அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். சிவப்பு விளக்குக்கு மொழி வேண்டாம் என்பது அங்கேதான் புரிந்தது, ஆனால் சிவப்பு என்றால் என்ன என்று ஒரு தடவையாவது ஒருவர் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களில் ஒருவர் அது டவர் லைட் என்று ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது காரணம் ரீசார்ஜ். சிரிக்காதீர்கள். 2018-க்கு முன்னால் பத்து ரூபாய் போட்டாலும் வருகிற அழைப்பும் மெசேஜும் வந்துகொண்டே இருக்கும். அதற்கப்புறம் மாதாமாதம் கட்டினால்தான் இன்கமிங்கும் என்று ஆக்கினார்கள். வீட்டில் ஒருவர் போனுக்கு மட்டும் கட்டுகிறார்கள், பெரும்பாலும் மகன் போன், மகன் வேலை செய்வது திருப்பூரில். ஆக எங்கள் டிவிஷனில் யானை நின்றால் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிற பையனுக்குச் சேதி போகும், பக்கத்து லைன் பாட்டிக்குப் போகாது. வருடத்துக்கு ஒரு தடவை வீடு வீடாகப் போய் நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று சரிபார்த்தே ஆக வேண்டும், நாங்கள் பொங்கல் லீவில் பார்ப்போம். முதல் தடவை பார்த்தபோது பதிந்திருந்ததில் மூன்றில் ஒரு பங்கு செத்த நம்பர்.

மனசில் உறுத்துகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். யானையோடு நடந்து நடந்து தகவல் கொண்டு வருகிற பையன்கள், வேட்டைத் தடுப்புக் காவலர்கள், ராத்திரி ரோந்து போகிறவர்கள், இவர்களில் பலர் காடர், மலசர், முதுவர் என்கிற பழங்குடி வீட்டுப் பிள்ளைகள், இல்லாவிட்டால் எஸ்டேட் பிள்ளைகள். எங்கே கிளை ஒடிந்திருக்கிறது, லத்தி எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்த்து நேரம் சொல்கிற அறிவு அவர்களுடையது. அவர்களில் எனக்குத் தெரிந்த பாதிப் பேர் வருடக்கணக்கில் தற்காலிக வேலைதான், சம்பளம் தாமதமாகும் மாதத்தில் என் கடை வாசலில் கடன் கேட்டு நின்றிருக்கிறார்கள். இதில் நல்ல வேலை என்று ஒன்று உருவாகியிருந்தால் அது அவர்களுக்குத்தான் முதலில் கிடைத்திருக்க வேண்டும். உங்கள் ஊரில் ஒரு அமைப்போ துறையோ இந்த மாதிரி வந்து கேட்டால், கம்பத்துக்கு எவ்வளவு, கேமராவுக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் நடக்கிறவனுக்கு மாதம் எவ்வளவு, மழை மாதத்தில் உண்டா என்று கேளுங்கள்.

நான் வேலையை விட்டு இறங்கி இப்போது பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறேன். என் இடத்துக்கு வேறு நம்பரைப் பதிய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், பதியவில்லை. போன மார்கழியில் ராத்திரி ஒன்பதரைக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன். டீக்கடை அண்ணன்.

"தம்பி, கரன்ட் இல்ல, என் போன் சார்ஜ் போச்சு. இது பொண்ணு போன், இதுல போட்டா எரியாது. அக்கா ஊருக்குப் போயிருக்கு, வாட்ச்மேன் எடுக்க மாட்டேங்கறாரு. பஸ் ஸ்டாப்புக்கு மேல அஞ்சு உருப்படி நிக்குது. கடைசி பஸ் வந்துட்டு இருக்கு."

64 கிலோமீட்டர் தள்ளி கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அந்த நம்பரைத் தேடி எடுத்து அழைத்தேன், ஒரு ரிங் போய்க் கட்டானது. திரும்பவும் அவருக்குப் போட்டு, "அண்ணே, எரியுதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது, அவர் கடையை விட்டு வெளியே வந்து பார்க்கிறார் போல.

"எரியுது."

காலையில் ஆறு மணிக்கு அலாரம் வைத்துக்கொண்டு படுத்தேன். போட்டது நான், நான்தான் அணைக்க வேண்டும்.